கடலுக்கு யார் பொறுப்பு? குழந்தைப் படநூலும் ஓர் அறக்கேள்வியும்

கடல் பாதுகாப்பைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படநூல் எழுதிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினால், திரும்பி வரும் பதில்களில் வழக்கமான குறை ஒன்று உண்டு: உபதேசம் தூக்கலாக இருக்கிறது. எழுதியவர் இதை நடை பற்றிய குறை என்று எடுத்துக்கொள்கிறார். அறிவுரை வரிகளை வெட்டி, எதுகை மோனை சேர்த்து, மறுபடி அனுப்புகிறார். பதில் மாறுவதில்லை. குறை நடையில் இருந்தால்தானே மாறும்? தான் செய்யாத தீங்கைச் சரிசெய்யும் கடமையை, சரிசெய்ய வலுவும் இல்லாத ஒருவர் தலையில் ஏற்றலாமா என்ற கேள்வி அந்தக் கைப்பிரதிக்குள் விடையில்லாமல் கிடக்கிறது. சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக வழக்காடி வரும் கேள்வி இது. பதிப்பாசிரியர் அதைத் தொழில் மொழியில் கேட்கிறார்.

படநூல் என்பது படம் சேர்த்த கதைப்புத்தகம் அன்று. எழுத்து சொல்லாததைப் படமும், படம் காட்டாததை எழுத்தும் சொல்லும் வடிவம் அது. பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டெட்டாகத்தான் வரும் என்பதால் 24 பக்கம், 32 பக்கம் என்ற அளவுகள் நிலைத்துவிட்டன. தலைப்புப் பக்கமும் உரிமைப் பக்கமும் போகக் கதைக்கு மிஞ்சுவது ஒரு டஜன் விரிபக்கங்கள். எழுத்து 500 சொற்களைத் தாண்டினால் பதிப்பாசிரியரின் கை பேனாவைத் தேடும். எழுதுகிறவர் ஓவியரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓவியரைத் தேர்வது பெரும்பாலும் பதிப்பகத்தின் வேலை. குழந்தை நூல்களை வெளியிடும் பதிப்பகங்களில் தேசிய புத்தக அறக்கட்டளை 1957 முதல் இயங்குகிறது. சென்னையில் 1994இல் தாராவும் 1996இல் துளிகாவும் தொடங்கின. 2004இல் பிரதம் புக்ஸ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ருசி. நாட்டார் ஓவியர்களோடு சேர்ந்து நூல் செய்யும் தாராவுக்குப் பொருந்துவது, ஒரே நூலை ஒன்பது மொழிகளில் கொண்டுவரும் துளிகாவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இந்த வடிவத்தின் இன்னொரு இயல்பு அறக்கேள்வியை நேராகத் தொடுகிறது. படநூலுக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள். மடியில் இருப்பது குழந்தை, வாசித்துக் காட்டுவது பெரியவர். கடையில் புரட்டிப் பார்த்து, காசு கொடுத்து வாங்குவதும் பெரியவர்தான். கடல் கெட்டதற்கும் கெடாமல் காப்பதற்கும் இந்த இருவரில் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று கேட்டால் யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனால் ‘நீ கடலைக் காப்பாற்று’ என்ற வரி மடியில் இருப்பவரைப் பார்த்தே பேசுகிறது.

பதிப்பகங்களுக்கு வரும் ஆமைக் கதைகளின் அச்சு ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் ஆமை பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்கித் தவிக்கிறது. ஒரு சிறுமி அதைப் பார்த்து அழுகிறாள். நண்பர்களைக் கூட்டிக் கடற்கரையைச் சுத்தம் செய்கிறாள். கடல் சிரிக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் ஆமைகளைக் கொல்வது உண்மைதான். இருந்தாலும், 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, விழுங்கிய பையை யாரும் முதல் காரணமாகச் சொல்லவில்லை. ஆமைக்குச் செவுள் கிடையாது; மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் மடிவலைக்குள் சிக்கினால் அது நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். உப்பிய கழுத்தும் பிதுங்கிய கண்ணுமாகக் கிடந்த உடல்கள் அதைத்தான் காட்டின. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. வலைக்குள் சிக்கிய ஆமை தப்பித்து வெளியேற ஒரு திறப்பு வைத்த கருவியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ வடிவமைத்துத் தந்துவிட்டது. விதி நடைமுறையில் இல்லை, கருவி வலையில் இல்லை. இந்தக் கதையில் சிறுமி பொறுக்கிப் போட ஒன்றும் கிடையாது.

ஆகவே பிளாஸ்டிக் பைக் கதை உண்மைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது. குழந்தையின் கைக்கு எட்டுவது எது என்று பார்த்து அதைக் காரணமாக்குகிறது. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறது. கைக்கு எட்டாத காரணத்தைச் சொன்னால் குழந்தை சோர்ந்துவிடும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் விளைவு, கடலின் கேடு குழந்தையின் மிட்டாய்த் தாளிலிருந்து தொடங்குகிறது என்பதாக முடிகிறது.

இந்த வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடியான டாக்டர் சூஸின் ‘தி லோராக்ஸ்’ (1971) கடல் கதை அன்று, காட்டின் கதை. காட்டை அழித்துப் பணம் பார்த்த ஒன்ஸ்லர் தன் கதையை ஒரு சிறுவனிடம் சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே விதையை அவன் கையில் போட்டு, இனி உன் பாடு என்கிறான். வாசித்துக் காட்டும் பெரியவர்களின் தொண்டை அடைக்கும் இடம் இது. சற்று நிதானித்துப் பார்த்தால், அழித்தவன் மாடியை விட்டு இறங்கவே இல்லை. விதையை நடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கோடரிகளிடமிருந்து காப்பதும் சிறுவனின் வேலை. அழித்தவனிடம் இருந்த பணமும் ஆளும் அந்தச் சிறுவனிடம் இல்லை. சூஸ் இதை எள்ளலாகவே எழுதினார் என்று வாதிடலாம். பெரும்பாலோர் அதை நம்பிக்கையின் சின்னமாகவே வாசித்தார்கள்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1950களில் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த இடத்தையே குறிவைக்கிறார். குழந்தை புதிதாக வருவது ஏற்கெனவே பழசாகிவிட்ட ஓர் உலகத்துக்குள். அந்த உலகத்தை உண்டாக்கியது தாங்கள் அல்ல என்றாலும், அது வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று விரும்பினாலும், குழந்தையின் முன்னால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் பெரியவர்கள். பொறுப்பேற்க மனமில்லாதவர் குழந்தைகளை வளர்க்க முன்வரக்கூடாது என்கிற அளவுக்கு அவர் போகிறார். புதிய உலகத்தைக் குழந்தைகளை வைத்துக் கட்டிவிடலாம் என்ற ஆசை, பெரியவர்கள் தங்களுக்குள் நடத்தவேண்டிய அரசியல் சண்டையைத் தட்டிக்கழிக்கும் வழி என்பது அவர் வாதம். தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளிவந்த பொறுப்பு பற்றிய நூலில் வேறு முனையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறார். பொறுப்பு என்ற உறவுக்கெல்லாம் மூலவடிவம் பச்சிளங்குழந்தை என்கிறார் அவர். அது மூச்சுவிட்டுக் கிடப்பதே சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு கட்டளை. பொறுப்பு வலுவுள்ளவரிடமிருந்து வலுவற்றவரை நோக்கி ஓடுவது. ‘கடலை உன்னிடம் ஒப்படைக்கிறோம்’ என்று முடியும் படநூல் அந்த ஓட்டத்தைத் தலைகீழாக்குகிறது.

சமயங்கள் இதில் என்ன சொல்கின்றன? பெற்றோர் செய்தது பிள்ளைகள் தலையில் விடியும் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பேச்சில் சாதாரணம். விவிலியத்தின் யாத்திராகமமும் தகப்பன்மாரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடரும் என்கிறது. ஆனால் அதே விவிலியத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி அதை மறுத்து, அவரவர் பாவம் அவரவருக்கே என்று ஓர் அதிகாரம் முழுக்கப் பேசுகிறார். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் கருத்து. சைவ சித்தாந்தத்தில் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினை மூன்றாக வகுக்கப்பட்டாலும் மூன்றும் அந்தந்த உயிரின் கணக்கு. குற்றம் பரம்பரைச் சொத்து என்ற எண்ணத்தைச் சமயங்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உடைத்திருக்கின்றன.

கடன் என்பது வேறு. பிறக்கும்போதே மனிதன் கடன்பட்டவனாகப் பிறக்கிறான், தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் அவன் திருப்பித் தரவேண்டியது இருக்கிறது என்பது வேத மரபின் பழைய கருத்து. இந்தக் கடனில் குற்றம் இல்லை. பெற்றுக்கொண்டதால் வந்த கடன், கெடுத்ததால் வந்தது அன்று. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் இதைக் கடலைக் கொண்டே பேசுகிறது: முகந்த மேகம் திருப்பித் தராவிட்டால் நெடுங்கடலும் தன் இயல்பில் குன்றும். கடலை வற்றாத ஒன்றாக உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கும் வரவு வேண்டும் என்று கண்ட பார்வை அது. ஒப்புரவறிதல் அதிகாரமோ, மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்டுத் தொடங்குகிறது.

குற்றத்துக்கும் கடனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தைக்கு விளக்க முடியாது, விளக்கவும் வேண்டாம். கதை எங்கே தொடங்குகிறது என்பதிலேயே அது வந்துவிடும். செத்த ஆமையிலிருந்து தொடங்கும் கதை குற்றத்தில் தொடங்குகிறது. முட்டையிட வரும் ஆமையிலிருந்து தொடங்கும் கதை பெற்றதில் தொடங்குகிறது. பதிப்பாசிரியர் ‘முதல் நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு இங்கிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்’ என்று எழுதும்போது பல சமயம் இதைத்தான் செய்கிறார்.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இல் ஒரு சிறுநூல் எழுதினார். இயற்கையின் அழிவைச் சொல்லிச் சொல்லிக் குழந்தைகளை இயற்கையிடமிருந்தே வெருண்டு ஒதுங்கச் செய்கிறோம் என்பது அதன் சாரம். நான்காம் வகுப்புக்கு முன்னால் பேரழிவுப் பாடம் வேண்டாம் என்பது அவர் விதி. விதியாகச் சொன்னால் கொஞ்சம் கறாராகத்தான் ஒலிக்கிறது. நாகப்பட்டினத்துக் குழந்தைக்கு நான்காம் வகுப்புவரை புயல் காத்திருக்காது. என்றாலும், இந்த விதியை யாரும் எழுதுவதற்கு முன்பே கடைப்பிடித்தவர் ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக ‘மௌன வசந்தம்’ (1962) எழுதி ஒரு நாட்டையே அதிரவைத்தவர், குழந்தைகளை மனதில் வைத்து எழுதிய ‘வியப்புணர்வு’ என்ற கட்டுரையில் எந்த எச்சரிக்கையும் விடுக்கவில்லை. மேய்ன் மாநிலக் கடற்கரையில், இரவில், ஒரு சின்னப் பையனோடு அலையைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி எழுதுகிறார். அறிந்துகொள்வதைவிட உணர்வது முக்கியம் என்கிறார். எச்சரிக்கை பெரியவர்களுக்கு, வியப்பு குழந்தைகளுக்கு. ஒரே எழுத்தாளர் இரண்டு வாசகர்களையும் குழப்பிக்கொள்ளாமல் வைத்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

நார்வே நாட்டுத் தத்துவவாதி ஆர்னே நெஸ் இதற்கு ஒரு கோட்பாட்டு அடித்தளம் தந்தார். கடமைக்காகச் செய்யும் செயல் அறச்செயல், அதையே விருப்பத்தோடு செய்தால் அழகிய செயல் என்று காண்ட் தன் இளமைக்காலக் கட்டுரை ஒன்றில் பிரித்திருந்தார். பின்னால் கடமைக்கே முதலிடம் தந்த காண்டிடமிருந்து இந்தப் பழைய பிரிவினையைத் தோண்டியெடுத்த நெஸ், சூழல் இயக்கம் மக்களைக் கடமையால் விரட்டாமல் விருப்பத்தால் ஈர்க்க வேண்டும் என்று வாதிட்டார். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இரவு நடைகளில் இது கண்கூடு. ஜனவரி முதல் மார்ச் வரை நள்ளிரவுக்கு மேல் கரையோரம் நடந்து, ஆமையின் தடம் பார்த்து, குழியிலிருந்து நூறு, நூற்றிருபது முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது பெரியவர்களின் உழைப்பு. 45 நாள் கழிந்த பிறகு, அந்திநேரத்தில் குஞ்சுகளை விடும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தில் குழந்தைகள்தான் அதிகம். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு, ஈர மணலில் துடுப்புக் கால்களால் அள்ளி அள்ளிப் போட்டு, அலை வந்து புரட்டியதும் திசை மாறி, மறுபடி வெளிச்சம் தேடிப் போவதைக் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அங்கே யாரும் உறுதிமொழி எடுக்கச் சொல்வதில்லை.

வியப்பு என்றால் துன்பத்தை மறைப்பது என்று பொருள் இல்லை. லியோ லியோனியின் ‘ஸ்விம்மி’ (1963) என்ற படநூல் இரண்டாவது விரிபக்கத்திலேயே ஒரு கூட்டத்தைக் கொன்றுவிடுகிறது. சூரை மீன் ஒரே விழுங்காகச் சிவப்புக் குஞ்சுமீன்களை எல்லாம் விழுங்க, கறுப்பு மீன் ஒன்று மட்டும் தப்புகிறது. அது தனியாக, பயந்து, துயரத்தோடு கடலுக்குள் போகிறது. பிறகு பக்கம் பக்கமாக லியோனி செய்வதெல்லாம் கடலைக் காட்டுவதுதான்: சொறிமீன், சிங்கி இறால், பாசிக்காடு, விலாங்கு. பார்க்கப் பார்க்க அந்த மீனுக்குத் தெம்பு வருகிறது. கடைசியில் வேறொரு கூட்டத்தைச் சேர்த்து, ஒன்றாக நீந்தி, சூரையை விரட்டுகிறது. சாவு இருக்கிறது, அறிவுரை இல்லை. கடல் பாதுகாப்பு என்ற பேச்சே அந்த நூலில் இல்லை என்பதால் அதை இந்த வகையில் சேர்க்க மாட்டார்கள், சேர்க்க வேண்டும்.

முடிவு சுபமாக இருக்கலாமா என்பது அடுத்த சிக்கல். உண்மையில் கடல் சிரிக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. வெப்பத்தில் பவளம் வெளுக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்கும் நூல் குழந்தையிடம் பொய் சொல்கிறதா? மகாயான பௌத்தத்தின் தாமரைச் சூத்திரத்தில் வரும் எரியும் வீட்டின் உவமை இதற்காகவே சொல்லி வைத்தது போன்றது. வீடு எரிகிறது. உள்ளே பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறார்கள். தீ என்றால் என்ன என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வெளியே ஆட்டு வண்டியும் மான் வண்டியும் மாட்டு வண்டியும் இருப்பதாகச் சொல்லித் தகப்பன் அவர்களை வெளியே வரவழைக்கிறான். வந்தபின் சொன்னவற்றைவிடச் சிறந்த வண்டியையே எல்லோருக்கும் தருகிறான். அவன் சொன்னது பொய்யா என்று புத்தர் கேட்க, இல்லை என்கிறார் சாரிபுத்திரர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளும் இந்தப் பக்கம்தான். காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று எதிர்ப்பக்கம் நின்றார்.

உவமை தகப்பனுக்குச் சாதகமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவன் வெளியே நிற்கிறான். அவன் சொல்லால் பிள்ளைகள் உண்மையிலேயே தப்புகிறார்கள். சுபமாக முடியும் கடல் நூலை வாசித்துக் காட்டும் பெரியவர் வீட்டுக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். தீ வைத்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். வண்டி இருக்கிறது என்று அவர் சொன்னால் பிள்ளைகள் வெளியேறப் போவதில்லை, நிம்மதியாகத் தூங்கத்தான் போகிறார்கள். உபாயம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. நடந்த ஒரு நல்லதை, நடந்த அளவிலேயே சொல்லி நிறுத்தும் முடிவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்று மாலை நாற்பது குஞ்சுகள் கடலுக்குப் போயின என்பது பொய்யும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை.

விலங்கைப் பேசவைப்பதும் ஓர் அறத் தேர்வுதான். முட்டையிடும் ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழியும். கைப்பிரதிகளில் இது தவறாமல் அழுகையாகிவிடுகிறது. உண்மையில் கண்ணோரச் சுரப்பி உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் வேலை அது; கடலுக்குள்ளும் நடப்பதுதான், கரையில் கண்ணில் படுகிறது. ஜாதகக் கதைகளிலும் பஞ்சதந்திரத்திலும் விலங்குகள் பேசின. அங்கே அவை மனிதக் குணங்களுக்கு வேடம் போட்டவை. ஆமையைப் பற்றி எதையும் சொல்வதாக அக்கதைகள் உரிமை கோரவில்லை. பாதுகாப்பு நூலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆமை ஆமையாக இருப்பதற்காகவே காக்கத்தக்கது என்று சொல்ல வந்துவிட்டு, அதை அழும் அம்மாவாக மாற்றினால், மனிதர் மாதிரி இருப்பதால்தான் அதற்கு மதிப்பு என்றாகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது நத்தைக்கும் சிப்பிக்கும் இரண்டு அறிவு, நண்டுக்கு நான்கு என்று வைக்கிறது. இன்றைய உயிரியலோடு அந்தக் கணக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை. சிப்பிக்கும் தனக்கென்று ஓர் உணர்வுலகம் உண்டு, அது மனிதனுடையது அன்று என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. அதுதான் இங்கே வேண்டியது.

எதிர்ப்பக்கத்திலும் வலுவான சான்று ஒன்று குஜராத்தில் உண்டு. சௌராஷ்டிரக் கடலில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. சட்டம் கடலுக்குள் போய்ச் சேரவில்லை. 2004இல் தொடங்கிய பிரச்சாரத்துக்கு ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு முன்னின்றார். இது பிரசவத்துக்குத் தாய்வீடு தேடி வரும் மகள், இவளைக் கொல்லலாமா என்று கேட்டார். அதற்கு ‘வ்ஹாலி’, அன்பு மகள், என்று பெயரானது. வலையில் சிக்கிய சுறாக்களை மீனவர்கள் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. இதுவரை நூற்றுக்கணக்கானவை தப்பியிருக்கின்றன. அந்தச் சுறாக்கள் குட்டி ஈனத்தான் அங்கே வருகின்றனவா என்பது அறிவியலில் உறுதிப்படவில்லை. சமயச் சொல் அறிவியலுக்கு முன்னால் போய் வேலையை முடித்துவிட்டது. மனிதமயமாக்குவது எப்போதும் பிழை என்று சொல்வோரை இந்தச் சுறா நிறுத்திக் கேள்வி கேட்கும். ஆனால் மொராரி பாபு அந்தக் கதையை வலை வைத்திருந்தவர்களிடம் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். கூடவே இழப்பீடும் இருந்தது.

வலை வைத்திருப்பவரின் பிள்ளையும் படநூல் வாசிக்கும். கடல் நூல்கள் பெரும்பாலும் மறந்துபோகும் வாசகர் இவர்தான். மீசை வைத்த, கோபக்கார மீனவர் ஆமையைப் பிடிக்கிறார். நகரத்துச் சிறுமி விடுவிக்கிறாள். கடலூர்ப் பள்ளியில் இதை வாசிக்கும் குழந்தைக்கு அந்த மீனவர் அப்பா. அமெரிக்காவில் 1989இல் லேட்டன்வில் என்ற மரத்தொழில் ஊரில் ‘தி லோராக்ஸ்’ நூலை இரண்டாம் வகுப்பின் கட்டாய வாசிப்பிலிருந்து நீக்கக் கேட்டார்கள். பள்ளி நிர்வாகம் மறுத்துவிட்டது. மறுத்தது சரியே. ஆனாலும், மரம் வெட்டிப் பிழைக்கும் வீட்டுக் குழந்தை தன் தகப்பனை வில்லனாகப் பார்க்க நேர்வது சிறிய விஷயம் இல்லை. கொல்லாமையை முதல் அறமாக வைக்கும் வள்ளுவ மரபுக்கும் மீன்பிடித்தே வாழும் நெய்தல் வாழ்வுக்கும் இடையிலான இழுபறி இன்னும் பழையது. பட்டினப்பாலையில் பரதவர் நிறைமதி நாளில் கடலுக்குப் போகாமல் தங்கி, சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்குகிறார்கள். பிடிப்பதும் வணங்குவதும் ஒரே கைகள். அந்தக் கொம்பு வேளாச் சுறாவுடையதாக இருக்கலாம். கொம்பாலேயே வலையில் எளிதில் சிக்கிவிடும் அந்த மீன் இன்று அருகிப்போய்விட்டது. நிறைமதி ஓய்வின் இடத்தில் இன்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. கரையேற்றிய படகும், பழுது பார்க்கும் வலையும், வருமானம் இல்லாத வீடுமாக அந்த இரண்டு மாதத்தை ஒரு மீனவக் குழந்தையின் கண்ணால் சொல்லும் படநூல் பாதுகாப்பு நூல்தான். அதை எழுத வாய்ப்புள்ளவர்கள் பதிப்பகங்களின் முகவரி தெரியாதவர்களாக இருப்பது துயரம்.

கடலைக் காப்பது என்ற சொல்வழக்கே சில கரைகளில் விநோதமாகப் படும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கடல் மனிதக் காவலுக்குக் காத்திருக்கும் நோயாளி இல்லை. வங்கப் பட ஓவியர்களான ஜாய்தேவ், மொய்னா சித்ரகர் இருவரும் சுனாமியைச் சுருள் ஓவியமாகப் பாட, தாரா அதைச் சுருளாகவே நூலாக்கியது. வங்கப் படுவா மரபில் தெய்வங்களின் கதையும் பேரிடரின் கதையும் ஒரே சுருள் முறையில் அவிழ்பவை. கடலம்மா என்று கும்பிட்டுவிட்டுப் படகைத் தள்ளும் கரைகளிலும் பயமும் நன்றியும் பிரிந்திருப்பதில்லை. காக்கும் பெருமிதத்தைக் குழந்தைக்கு ஊட்டும் நூல்களில் இந்தப் பயம் காணாமல் போகிறது. இதை இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

நூலை உண்டாக்கும் வழிமுறையிலும் கேள்வி உண்டு. மேலட்டையில் மினுங்கும் படலம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை எதிர்க்கும் நூல் பிளாஸ்டிக் போர்த்தி வருவதை எழுத்தாளர்கள் பதிப்பாளரிடம் சுட்டிக்காட்டுவதுண்டு. படலம் இல்லாவிட்டால் பள்ளி நூலகத்தில் அட்டை சீக்கிரம் கிழிந்துவிடும், மறுபடி அச்சடிக்க மறுபடி மரம் வேண்டும் என்பது பதிப்பாளரின் பதில். வழியும் முடிவும் பிரிக்க முடியாதவை என்று ‘இந்திய சுயராஜ்யம்’ நூலில் காந்தி வாதிட்டது இவ்வளவு சின்ன இடத்திலும் தலைகாட்டுகிறது. உரிமத்திலும் அப்படியே. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். எழுதியவருக்கு ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி வராது, கதை மட்டும் அவர் நினைத்திராத மொழிகளுக்குப் போகும். கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று எழுதுகிறவருக்கு இந்த இடத்தில் சற்று யோசனை வரத்தான் செய்யும். எழுத்தை நம்பி வாழ்பவர் ராயல்டி கேட்பதில் அறப்பிழை எதுவும் இல்லை.

மிஞ்சுவது, செத்த ஆமைகளையும் 5 கடல் மைல் விதியையும் எங்கே வைப்பது என்பது. பல படநூல்களில் கதை முடிந்தபின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், தகவல் குறிப்பு ஒன்று இருக்கும். ‘நீ என்ன செய்யலாம்’ என்ற தலைப்பில் குழாயை மூடு, பையைத் தவிர் என்று அது வழக்கமாகக் குழந்தையிடம் பேசும். அந்தப் பக்கத்தைக் குழந்தைகள் வாசிப்பதில்லை. குழந்தை படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்தான் அதில் கண்ணை ஓட்டுகிறார். ஆகவே அதை அவருக்கே எழுதுவது முறை: பங்குனி ஆமை எப்போது வருகிறது, அந்த மாதங்களில் கரையருகே எந்தப் படகுகள் இருக்கக்கூடாது, வலையில் எந்தத் திறப்பு இருக்க வேண்டும், 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுவுக்காக அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் என்ன நடக்கிறது, மாவட்டத்தில் இதையெல்லாம் யாரிடம் கேட்க வேண்டும். கைப்பிரதியோடு இந்த ஒரு பக்கத்தையும் எழுதி அனுப்புகிறவரின் கதையில் உபதேசத்துக்கு வேலை குறைந்துவிடும். அது போய்ச் சேரவேண்டிய முகவரி வேறு பக்கத்தில் கிடைத்துவிட்டது.